ரெண்டு மருந்த சேர்த்துக் குடுத்தா குடி குறையுமா? கம்பைன் ஆய்வு முழுசா

குடிய விடணும்னு டாக்டர்ட்ட போறவங்களுக்கு இன்னிக்கு எழுதிக் குடுக்குற மாத்திரைகள் எல்லாருக்கும் ஒரே மாதிரி கேக்குறதில்ல. ஒருத்தருக்கு நல்லா கேக்கும், அதே மாத்திரை பக்கத்து பெட்ல இருக்குறவருக்கு ஒண்ணுமே பண்ணாது. அப்ப எந்த டாக்டருக்கும் முதல்ல வர்ற யோசனை, ஒண்ணு பத்தலேன்னா ரெண்ட சேர்த்துப் பாப்போம்ங்கறதுதான். டிபிக்கு அப்படித்தான் குடுக்குறோம், பிபிக்கு அப்படித்தான் குடுக்குறோம், குடிக்கு மட்டும் ஏன் கூடாது?

இந்தக் கேள்விய பெரிய அளவுல எடுத்து டெஸ்ட் பண்ணுனது அமெரிக்கா. அங்க மது சம்பந்தமான ஆராய்ச்சிக்குன்னே இருக்குற அரசு நிறுவனம் என்ஐஏஏஏ. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட்னு ரெண்டு மருந்த தனித்தனியாவும் சேர்த்தும் குடுத்துப் பாக்க, அவங்க பணம் போட்டு 11 இடத்துல நடத்துன ஆய்வுக்குப் பேரு கம்பைன். 2001 ஜனவரில ஆள் சேர்க்க ஆரம்பிச்சு 2004 ஜனவரில முடிச்சாங்க, மொத்தம் 1383 பேர், ரிசல்ட் 2006 மே 3-ம் தேதி ஜாமாங்கற மருத்துவ இதழ்ல வந்துச்சு. முதல் ஆசிரியர் சார்ல்ஸ்டன்ல இருக்குற தெற்கு கரோலினா மருத்துவப் பல்கலைக்கழகத்தோட ரேமண்ட் ஆன்டன். இத்தன வருஷம் ஆகியும் குடி நோய் மருந்து பத்தி யார் பேசுனாலும் இந்த ஆய்வ தொடாம போக முடியாது. ஆனா இதுல இருந்து பலரும் எடுத்துக்கிட்டது "அகாம்ப்ரோசேட் வேலை செய்யல"ன்னு ஒரே ஒரு வரிதான். அத விடப் பெரிய விஷயம் இதுல இருக்கு, நர்ஸ் உக்காந்து பேசுன அந்த இருபது நிமிஷம், அதப் பத்திதான் எனக்குச் சொல்லணும்.

முதல்ல ஏன் இந்த ரெண்டு மருந்துன்னு பாப்போம். நால்ட்ரெக்ஸோன் நம்ம மூளைல இருக்குற ஓபியாய்டு ரிசப்டர்கள (அபின் மாதிரி பொருள் போய் ஒட்டுற எடங்கள) அடைக்குற மருந்து. சாராயம் உள்ள போனதும் மூளை தானா சுரக்குற எண்டார்ஃபின் அந்த ரிசப்டர்ல போய் ஒட்டுறதுனாலதான் அந்த சுகம், அந்த "இன்னொன்னு ஊத்து"ங்கற வேகம் வருது. அங்க மருந்து போய் முன்னாடியே உக்காந்துட்டா குடிச்சாலும் அந்த ருசி அவ்வளவா ஏறாது. 1992-ல ஃபிலடெல்ஃபியால 70 முன்னாள் ராணுவத்துக்காரங்கள வெச்சு ஜோசஃப் வோல்பிசெல்லி ஒரு சின்ன ஆய்வு பண்ணுனாரு, 12 வாரத்துல மருந்தே இல்லாத வெத்து மாத்திரை (ப்ளசீபோ) எடுத்தவங்கள்ல 54 சதவீதம் பேர் பழையபடி குடிக்குத் திரும்புனாங்க, நால்ட்ரெக்ஸோன் எடுத்தவங்கள்ல 23 சதவீதம்தான். அதே மாசம் யேல் பல்கலைக்கழகத்துல இருந்து ஸ்டெஃபனி ஓ'மேலி குழுவும் இதே மாதிரி ரிசல்ட் குடுத்தாங்க, 1994 கடைசில அமெரிக்கால மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ ஓகே சொல்லிருச்சு.

அகாம்ப்ரோசேட் வேற ரூட். அது சுகத்த தொடறதே இல்ல. ரொம்ப வருஷம் குடிச்ச மூளை சாராயத்தோட அமுக்கத்துக்கு ஈடு குடுத்துக் குடுத்து ஓவர் ஸ்பீடுல ஓடப் பழகியிருக்கும், திடீர்னு நிறுத்துனா அந்த ஸ்பீடு மட்டும் மிச்சம் இருக்கும். தூக்கம் வராது, மனசு படபடன்னு இருக்கும், காரணமே இல்லாம எரிச்சல் வரும், கை நடுக்கம் போன பிறகும் மாசக்கணக்குல இது இழுக்கும். அத சமாளிக்கத்தான் பல பேர் மறுபடி குடிக்குறாங்க. குளூட்டமேட்டுங்கற மூளை ரசாயனத்தோட அந்த ஆட்டத்த அகாம்ப்ரோசேட் தணிக்குதுன்னு நம்பப்படுது. ஃப்ரான்ஸ்ல 1989-லயே வந்திருச்சு, ஐரோப்பால பல ஆய்வுகள்ல நல்ல பேரு. கம்பைன் ஆரம்பிச்சப்போ அமெரிக்கால அதுக்கு அனுமதி கிடையாது, 2004 ஜூலைல ஆள் சேர்ப்பு முடிஞ்ச பிறகுதான் கெடச்சுது.

அப்ப கணக்கு சுலபமா தெரியுது பாருங்க. ஒண்ணு குடிக்குற சுகத்த கொறைக்குது, இன்னொன்னு குடிக்காம இருக்குற கஷ்டத்த கொறைக்குது. ரெண்டும் உடம்புல ஒண்ண ஒண்ணு கெடுக்குறதில்ல, சொல்லப்போனா நால்ட்ரெக்ஸோன் கூட எடுத்தா அகாம்ப்ரோசேட் ரத்தத்துல கொஞ்சம் கூடுதலாவே ஏறுது. 2003-ல ஜெர்மனில ஹாம்பர்க்ல இருந்து ஃபால்க் கீஃபர் குழு 160 பேர நாலா பிரிச்சு 12 வாரம் பார்த்தாங்க. சேர்த்து எடுத்தவங்க ப்ளசீபோவ விடவும் தனி அகாம்ப்ரோசேட்ட விடவும் நல்லா பண்ணுனாங்க, தனி நால்ட்ரெக்ஸோன விட கொஞ்சம் முன்னாடி இருந்தாலும் அந்த வித்தியாசத்த உறுதியா சொல்ற அளவுக்கு இல்ல. நாப்பது நாப்பது பேர வெச்சு இதுக்கு மேல சொல்லவும் முடியாது. அதனால கம்பைன் ரிசல்ட்ட எல்லாரும் காத்துக்கிட்டு இருந்தாங்க.

ஆய்வுல சேர்ந்தவங்க யாருன்னா, குடிக்கு அடிமைன்னு முறைப்படி கண்டறியப்பட்டவங்க, சேர்றதுக்கு முன்னாடி கொறஞ்சது 4 நாள், அதிகபட்சம் 21 நாள் குடிக்காம இருந்தவங்க. நடு வயசு 44. மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கொறவா பெண்கள், இந்த மாதிரி ஆய்வுல அது நல்ல எண்ணிக்கை. எவ்வளவு குடிச்சாங்கன்னா சராசரியா வாரத்துக்கு 66 ட்ரிங்க். அமெரிக்கா கணக்குல ஒரு ட்ரிங்க்ன்னா 14 கிராம் சுத்த ஆல்கஹால். நம்ம ஊரு 180 மில்லி குவார்ட்டர்ல 42.8 சதவீதம் ஆல்கஹால், கணக்குப் போட்டா கிட்டத்தட்ட 60 கிராம், அதாவது நாலு ட்ரிங்க்குக்கு மேல. அப்ப 66 ட்ரிங்க்ங்கறது வாரத்துக்கு 15 குவார்ட்டர், தெனம் ரெண்டுக்கு மேல. லேசான ஆளுங்கள வெச்சு பண்ணுன ஆய்வு இல்லன்னு புரியும்.

இவங்கள ஒம்போது குரூப்பா குலுக்கல் முறைல பிரிச்சாங்க. எட்டு குரூப்புக்கு மாத்திரை உண்டு: நால்ட்ரெக்ஸோன் மட்டும், அகாம்ப்ரோசேட் மட்டும், ரெண்டும், அல்லது ரெண்டுமே வெத்து மாத்திரை. இந்த நாலையும் ரெண்டு ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு ஸ்பெஷல் கவுன்சிலிங் சேர்த்தாங்க, இன்னொரு பாதிக்கு இல்ல. ஒம்போதாவது குரூப்ல 157 பேரு, அவங்களுக்கு மாத்திரையே கிடையாது, மாத்திரைக்காக டாக்டரோ நர்ஸோ பாக்குறதும் கிடையாது, வெறும் கவுன்சிலிங் மட்டும். இந்த ஒம்போதாவது குரூப்ப நெனப்புல வெச்சுக்கோங்க.

மாத்திரை டோஸும் கொறச்சல் இல்ல. வழக்கமா நால்ட்ரெக்ஸோன் தெனம் 50 மில்லிகிராம்தான், இங்க 25-ல ஆரம்பிச்சு 50-க்கு ஏத்தி எட்டாவது நாள்ல 100-க்கு கொண்டு போனாங்க. அகாம்ப்ரோசேட் வழக்கமா ரெண்டு கிராம், இங்க மூணு கிராம். ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை வரைக்கும் முழுங்கணும், வெத்து மாத்திரை குரூப்பும் அதே எட்டு. குடிய விட்ட புதுசுல வயிறே சரியா இருக்காத ஆளுக்கு எட்டு மாத்திரைங்கறது சாதாரண விஷயம் இல்ல, இத பதினாறு வாரம் பெரும்பாலானவங்க எடுத்துருக்காங்க.

எப்படி எடுக்க வெச்சாங்கங்கறதுதான் எனக்கு இந்த ஆய்வுலயே ரொம்பப் பிடிச்ச பகுதி. மாத்திரை குடுத்த எல்லா குரூப்புக்கும் மெடிக்கல் மேனேஜ்மென்ட்னு ஒண்ணு இருந்துச்சு. பதினாறு வாரத்துல ஒம்போது விசிட். ஆரம்பத்துல வாரா வாரம், அப்புறம் ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா, கடைசில நாலு வாரம் இடைவெளி. முதல் விசிட் முக்கா மணி நேரம், மத்ததெல்லாம் இருபது நிமிஷம் சுமாருக்கு. பாக்குறவங்க மனநல நிபுணரா இருக்கணும்னு இல்ல, டாக்டர், நர்ஸ் யாரா இருந்தாலும் போதும்.

ஒரு விசிட் எப்படி போகும்னா, ஆள் வந்து உக்காந்ததும் பிபி பாக்குறது, எடை பாக்குறது, ஊதச் சொல்லி பாக்குறது. முதல் தடவையா இருந்தா லிவர் டெஸ்ட் ரிப்போர்ட்ட எதிர்ல வெச்சு, இந்த எண் இவ்வளவு இருக்கணும் உங்களுக்கு இவ்வளவு இருக்கு, இது சாராயத்தால வந்ததுன்னு நேரா சொல்றது. குடியால வேலைல என்ன ஆச்சு, வீட்ல என்ன ஆச்சு, உடம்புக்கு என்ன ஆச்சுன்னு அவர் வாயால கேட்டு எழுதி வெச்சுக்கறது. அப்புறம் இது ஒரு நோய், மருந்து உண்டு, மருந்து மட்டும் பத்தாது, குடிக்காம இருக்குறதுதான் பாதுகாப்புன்னு தெளிவா சொல்றது. அடுத்த விசிட்ல இருந்து மாத்திரை அட்டைய கொண்டு வரச் சொல்லி எண்ணிப் பாக்குறது. மிச்சம் இருந்துச்சுன்னா திட்டுறது கிடையாது, ஏன் விட்டுப்போச்சுன்னு கேக்கணும். குமட்டலா இருக்கா, மறந்து போச்சா, "நான் நல்லாத்தான இருக்கேன் இனி எதுக்கு"ன்னு தோணுச்சா, வீட்ல யாராவது இதெல்லாம் வேணாம்னாங்களா? ஒவ்வொண்ணுக்கும் வேற வேற பதில் வெச்சிருந்தாங்க. குமட்டலா இருந்தா டோஸ கொறைக்குறது, மறந்தா காலைல பல் தேய்க்கிற எடத்துல அட்டைய வெக்கச் சொல்றது மாதிரி. நடுவுல குடிச்சிருந்தா அதுக்காக ஆய்வ விட்டு தொரத்துறதும் இல்ல, மாத்திரைய நிறுத்துறதும் இல்ல. விழுந்தவர எந்திரிச்சு நடக்கச் சொல்றதுதான் வேலைன்னு கைடுலயே எழுதி வெச்ச மாதிரி நடந்துக்கிட்டாங்க. ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) மாதிரி, குடிய விட நெனக்குறவங்க கூடிப் பேசுற கூட்டத்துக்குப் போங்கன்னும் சொன்னாங்க.

ஸ்பெஷல் கவுன்சிலிங் இத விடப் பல மடங்கு பெருசு. ஐம்பது நிமிஷ செஷன், இருபது தடவை வரைக்கும், அதுக்குன்னு பயிற்சி எடுத்த தெரபிஸ்ட். மனச மாத்துற பேச்சு முறை, ஏக்கம் வந்தா தாங்குற பயிற்சி, குடும்பத்துல ஒருத்தர கூட சேர்த்துக்கறது எல்லாத்தையும் கலந்து செஞ்சது.

சரி, ரிசல்ட்.

மொத்தமா பாத்தா எல்லா குரூப்பும் கொறச்சிருச்சு. சேர்றதுக்கு முன்னாடி நூறு நாள்ல 25 நாள்தான் குடிக்காம இருந்தவங்க, சிகிச்சை சமயத்துல 73 நாள் குடிக்காம இருந்தாங்க. வாரத்துக்கு 66 ட்ரிங்க் 13-க்கு வந்துச்சு, நம்ம கணக்குல 15 குவார்ட்டர் மூணுக்கு வந்த மாதிரி. வெத்து மாத்திரை குரூப் உட்பட சேர்த்துதான் இந்த சராசரி.

இப்ப குரூப் குரூப்பா. நர்ஸ் விசிட்டும் வெத்து மாத்திரையும் மட்டும் கெடச்சவங்க 75.1 சதவீத நாள் குடிக்கல. அதோட நால்ட்ரெக்ஸோன் சேர்ந்தா 80.6. நால்ட்ரெக்ஸோனுக்கு பதிலா ஸ்பெஷல் கவுன்சிலிங் சேர்ந்தா 79.2. நால்ட்ரெக்ஸோனும் கவுன்சிலிங்கும் சேர்ந்தா 77.1. அகாம்ப்ரோசேட் தனியா குடுத்தாலும் சரி, நால்ட்ரெக்ஸோன் கூட குடுத்தாலும் சரி, கவுன்சிலிங் கூட குடுத்தாலும் சரி, ப்ளசீபோவுக்கும் அதுக்கும் பெருசா வித்தியாசமே தெரியல. எதுக்காக இவ்வளவு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்களோ அந்த மெயின் கேள்விக்கு பதில் இல்லைன்னு வந்திருச்சு. ரெண்டு மருந்து ஒண்ண விட மேல இல்ல. கவுன்சிலிங்கையும் மாத்திரையையும் சேர்த்தாலும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஏறல, ஏதோ ஒண்ணு இருந்தா போதும்ங்கற மாதிரிதான் தெரிஞ்சுது.

75-க்கும் 80-க்கும் என்ன பெரிய வித்தியாசம்னு கேக்கலாம். பதினாறு வாரம்னா 112 நாள், அதுல ஆறு நாள் கூடுதலா குடிக்காம இருக்காங்க, அவ்வளவுதான். சின்ன லாபம்தான், அத பெருசாக்கி சொல்லக்கூடாது. ஆனா வேற ஒரு அளவும் பாத்தாங்க. ஒரே நாள்ல ஆம்பளைங்க அஞ்சு ட்ரிங்க், பொம்பளைங்க நாலு ட்ரிங்க் இல்லன்னா அதுக்கு மேல குடிக்குறது, அதாவது ஒரு குவார்ட்டர ஒட்டியோ அதுக்கு மேலயோ போறது, இது ஹெவி ட்ரிங்கிங் நாள். அப்படி ஒரு நாள் வர்ற ஆபத்து நால்ட்ரெக்ஸோன் எடுத்தவங்களுக்கு 28 சதவீதம் கொறவு, இந்த லாபம் நல்லா தெரிஞ்சது கவுன்சிலிங் இல்லாம நர்ஸ் விசிட் மட்டும் இருந்தவங்ககிட்ட. இன்னொன்னு, கடைசி எட்டு வாரத்துல முழுசா விட்டவங்களையும், கொஞ்சமா குடிச்சு பிரச்சினை இல்லாம இருந்தவங்களையும் சேர்த்து "நல்ல நிலைமை"ன்னு எண்ணுனாங்க. வெத்து மாத்திரைக்கு 58 சதவீதம், நால்ட்ரெக்ஸோனுக்கு 74, கவுன்சிலிங்குக்கு 71, நால்ட்ரெக்ஸோனுக்கும் கவுன்சிலிங்குக்கும் சேர்த்து 74. நூறு பேர்ல பதினாறு பேர் கூடுதலா நல்ல நிலைமைக்கு வர்றாங்கன்னா அது பதினாறு குடும்பம், இத நான் சின்ன விஷயம்னு சொல்ல மாட்டேன்.

குடிய முழுசா விட்டாத்தான் கணக்கு, நடுவுல ஒரு நாள் தொட்டாலும் எல்லாம் வேஸ்ட்னு நெனக்குறவங்க நம்ம ஊர்ல நெறைய பேர். வீட்டுக்காரங்களும் அப்படித்தான் நெனக்குறாங்க, நோயாளியும் அப்படித்தான் நெனக்குறாரு, அதனாலயே ஒரு நாள் குடிச்சதும் "சரி போச்சு"ன்னு முழுசா இறங்கிடுறாரு. முழுசா விடுறதுதான் நல்லது, அதுல சந்தேகமே இல்ல. ஆனா வாரத்துக்கு 15 குவார்ட்டர் மூணா ஆகுறதும் லிவருக்கும் வண்டி ஓட்டும்போது உயிருக்கும் பொண்டாட்டி புள்ளைங்களுக்கும் நிஜமான லாபம், அத தோல்வின்னு பேசி ஆள தொரத்தக்கூடாது.

இப்ப அந்த ஒம்போதாவது குரூப். மாத்திரை இல்ல, நர்ஸ் விசிட் இல்ல, நல்ல கவுன்சிலிங் மட்டும் கெடச்சவங்க. அவங்களுக்கு 66.6 சதவீதம். அதே கவுன்சிலிங் கூட வெத்து மாத்திரையும் நர்ஸ் விசிட்டும் கெடச்சவங்களுக்கு 79.2. மருந்தே இல்லாத மாத்திரை, கூட இருபது நிமிஷ விசிட், இது ரெண்டும் சேர்ந்து பதிமூணு புள்ளிக்கு கிட்ட ஏத்திருக்கு. நால்ட்ரெக்ஸோன் தனியா ஏத்துனது அஞ்சரை புள்ளிதான். மாத்திரை எடுக்குறோம்ங்கற நம்பிக்கை எவ்வளவு, அக்கறையா ஒருத்தர் அட்டைய எண்ணிப் பாத்து "போன வாரம் எப்படிப் போச்சு"ன்னு கேக்குறது எவ்வளவுன்னு இந்த ஆய்வ வெச்சு பிரிச்சு சொல்ல முடியாது, ரெண்டும் ஒண்ணாத்தான் குடுத்தாங்க. ஆனா ஆஸ்பத்திரில வேலை பாக்குற எவருக்கும் இது புதுசா இருக்காது.

அகாம்ப்ரோசேட் ஏன் சறுக்குச்சுன்னு பெரிய விவாதம் நடந்துச்சு. ஐரோப்பால அந்த மருந்த எடுத்தவங்க பெரும்பாலும் ஆஸ்பத்திரில அட்மிட் ஆகி டீடாக்ஸ் (டாக்டர் பார்வைல குடிய பாதுகாப்பா நிறுத்துறது) முடிச்சு வந்தவங்க, மூளை அந்த ஓவர் ஸ்பீடுல இருக்குறவங்க. கம்பைன்ல வந்தவங்க வெளிநோயாளிகள், விளம்பரம் பாத்து வந்தவங்களும் உண்டு, கடுமையான நடுக்கமெல்லாம் கொறவு. தணிக்குறதுக்கு நெருப்பு பெருசா இல்லாத எடத்துல தண்ணி ஊத்தி என்ன தெரியப்போகுதுன்னு ஒரு வாதம், எனக்கு அது நியாயமா படுது. இன்னொன்னு, அகாம்ப்ரோசேட் முழுசா விட்டவங்கள விட்ட நிலைலயே வெக்க உதவும், நால்ட்ரெக்ஸோன் குடிச்சாலும் அளவு மீறாம பாத்துக்கும்னு பின்னாடி வந்த தொகுப்பு ஆய்வுகள் சொல்லுது. 2023-ல ஜாமால 118 ஆய்வுகள சேர்த்துப் பாத்தப்போ ரெண்டுமே முதல் வரிசை மருந்தாத்தான் நின்னுச்சு, அகாம்ப்ரோசேட் 11 பேருக்கு குடுத்தா ஒருத்தர் மறுபடி குடிக்காம தப்பிக்குறாரு, நால்ட்ரெக்ஸோன் 50 மில்லிகிராம் 11 பேருக்கு குடுத்தா ஒருத்தர் ஹெவி ட்ரிங்கிங்குக்கு திரும்பாம தப்பிக்குறாரு. அதனால கம்பைன் ஒண்ண வெச்சு "அகாம்ப்ரோசேட் வேஸ்ட்"னு முடிவு கட்டுறது தப்பு. நால்ட்ரெக்ஸோனுக்கும் எல்லா எடத்துலயும் ஜெயம் இல்ல. ஜெர்மனில ப்ரெடிக்ட்னு 426 பேர வெச்சு கம்பைன் மாதிரியே பண்ணுனப்போ ரெண்டு மருந்துமே ப்ளசீபோவ தாண்டல.

சைடு எஃபெக்ட் எதிர்பாத்ததுதான். நால்ட்ரெக்ஸோனுக்கு குமட்டல், அகாம்ப்ரோசேட்டுக்கு வயித்துப்போக்கு, ரெண்டும் சேர்ந்தா குமட்டல் இன்னும் கூட. சிலருக்கு லிவர் என்சைம் ஏறுச்சு, பெரும்பாலும் நால்ட்ரெக்ஸோன் எடுத்தவங்களுக்கு, நிறுத்துனதும் இறங்குச்சு.

சிகிச்சை நிறுத்தி ஒரு வருஷம் கழிச்சுப் பாத்தப்போ குரூப்புகளுக்கு நடுவுல இருந்த வித்தியாசம் தேஞ்சு போச்சு. எனக்கு இது ஆச்சரியமா இல்ல. சுகர் மாத்திரைய நாலு மாசம் குடுத்து நிறுத்திட்டு ஒரு வருஷம் கழிச்சு சுகர் ஏறிருச்சேன்னு யாரும் மருந்த குத்தம் சொல்றதில்ல. பதினாறு வாரம்ங்கறது பத்து இருவது வருஷக் குடிக்கு ரொம்பச் சின்ன காலம், மருந்தும் விசிட்டும் இன்னும் நீளமா ஓடியிருக்கணும்.

ஜீன் கதை ஒண்ணும் நடுவுல வந்துச்சு. ஓபியாய்டு ரிசப்டர் ஜீன்ல ஒரு மாற்றம் இருக்கறவங்களுக்கு நால்ட்ரெக்ஸோன் ரொம்ப நல்லா கேக்குதுன்னு கம்பைன் டேட்டாவ வெச்சு 2008-ல சொன்னாங்க, அந்த ஜீன் உள்ளவங்கள்ல 87 சதவீதம் பேர் நல்ல நிலைமைக்கு வந்தாங்கன்னு. ஆசியக்காரங்ககிட்ட அந்த மாற்றம் அதிகம்ங்கறதால நமக்கு ஒரு ஆசையே வந்துச்சு. ஆனா 2015-ல ஜீன முன்னாடியே பாத்து ஆள் பிரிச்சு பண்ணுன ஆய்வுல அது நிக்கல.

மருந்து சேர்க்குற யோசனை இதோட சாகல, கொஞ்சம் புத்திசாலியா மாறுச்சு. ஹெலன் பெட்டினாட்டி, கம்பைன்ல அந்த நர்ஸ் விசிட் கைட எழுதுனதுல முக்கியமானவங்க, 2010-ல குடியும் டிப்ரஷனும் சேர்ந்து இருக்குற 170 பேருக்கு நால்ட்ரெக்ஸோனும் டிப்ரஷன் மருந்தான செர்ட்ராலினும் சேர்த்துக் குடுத்துப் பாத்தாங்க. 14 வாரத்துல சேர்த்து எடுத்தவங்கள்ல 54 சதவீதம் பேர் முழுசா குடிய விட்டிருந்தாங்க, தனித்தனியா எடுத்தவங்களும் ப்ளசீபோ எடுத்தவங்களும் 21-ல இருந்து 28-க்குள்ளதான். எனக்குத் தோணுறது, ஒரே நோய்க்கு ரெண்டு மருந்து போடுறத விட, ஒரு ஆளுக்கு இருக்குற ரெண்டு நோய்க்கும் ஒண்ணா மருந்து போடுறது பலன் தருது. ஆன்டனே 2011-ல 150 பேருக்கு நால்ட்ரெக்ஸோனோட முதல் ஆறு வாரம் ஃபிட்ஸுக்குக் குடுக்குற கேபபென்டின் சேர்த்தாரு, தூக்கமும் படபடப்பும் மோசமா இருக்குற அந்த ஆறு வாரம் நல்லா ஓடுச்சு, கேபபென்டின நிறுத்துனதும் அந்த லாபமும் போயிருச்சு. ஸ்வீடன்ல 384 பேர வெச்சு 13 வாரம் வரெனிக்லினும் புப்ரோப்பியோனும் சேர்த்துப் பாத்தாங்க, ரெண்டும் சிகரெட் நிறுத்த குடுக்குற மருந்துதான், ப்ளசீபோவ விட சேர்த்து எடுத்தவங்க கொறச்சலாத்தான் குடிச்சாங்க. அவங்க வாய்ச்சொல்ல மட்டும் நம்பாம, குடிச்சத காட்டிக் குடுக்குற பெத்ங்கற ரத்த டெஸ்ட்டும் எடுத்துப் பாத்தாங்க.

இவ்வளவு ஆராய்ச்சி நடந்தும் மருந்து போய் சேர வேண்டியவங்களுக்கு சேரல. 2019-ல அமெரிக்காலயே குடி நோய் இருந்த பெரியவங்கள்ல 1.6 சதவீதம் பேருக்குத்தான் மருந்து கெடச்சிருக்கு. அங்கயே இந்த நெலம.

நம்ம ஊர்ல இன்னொரு விபரீதம் இருக்கு, அத சொல்லியே ஆகணும். குடிக்குறவருக்கு தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுக்குற மருந்து. போஸ்டர்லயும் பஸ் ஸ்டாண்ட் சுவத்துலயும் விளம்பரம் பாத்து வாங்குற பொடில என்ன இருக்குன்னே தெரியாது, சிலர் டைசல்ஃபிராம் மாத்திரையவே பொடிச்சு சாம்பார்ல போடுறாங்க. அது உள்ள இருக்கும்போது குடிச்சா முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, பிபி தரைக்கு இறங்கும், இதயம் பலவீனமா இருந்தா உயிரே போகலாம். தெரிஞ்சு சம்மதிச்சு எடுத்தா அதே டைசல்ஃபிராம் ரொம்ப நல்லா வேலை செஞ்சிருக்கு. மும்பைல 2004-ல வந்த ஒரு ஆய்வுல 100 ஆம்பளைங்கள ஒரு வருஷம் பாத்தாங்க, எல்லாருக்கும் வீட்ல ஒருத்தர் பக்கத்துல நின்னு மாத்திரை குடுத்தாங்க, டைசல்ஃபிராம் எடுத்தவங்கள்ல 86 சதவீதம் பேர் மறுபடி குடிக்குத் திரும்பாம தாங்குனாங்க, நால்ட்ரெக்ஸோன் எடுத்தவங்கள்ல 44. யாருக்கு எந்த மாத்திரைன்னு மறைக்காம பண்ணுன ஆய்வு, அதனால அந்த எண்ண அப்படியே எடுத்துக்க முடியாது. ஆனா நேருக்கு நேர் மாத்திரை குடுக்க ஒரு ஆள் இருந்தா என்ன நடக்கும்னு அது காட்டுது, கம்பைன் நர்ஸ் விசிட் காட்டுன அதே விஷயம்தான்.

யாராவது இத படிச்சுட்டு நாளைக்கே மாத்திரை வாங்கலாம்னு நெனச்சா, நில்லுங்க. தெனம் நெறைய குடிக்குறவரு ஒரே நாள்ல நிறுத்துனா ஃபிட்ஸ் வரலாம், புத்தி தடுமாறலாம், அதுக்கு டாக்டர் பார்வைல டீடாக்ஸ் வேணும். டிராமடால் மாதிரி ஓபியாய்டு வகை வலி மருந்து எடுக்குறவரு நால்ட்ரெக்ஸோன் தொடக்கூடாது. அகாம்ப்ரோசேட்டுக்கு முன்னாடி கிட்னி டெஸ்ட், நால்ட்ரெக்ஸோனுக்கு முன்னாடி லிவர் டெஸ்ட்.

கம்பைன்ல நர்ஸுங்க வெச்சிருந்த அந்த மெடிக்கல் மேனேஜ்மென்ட் கைட என்ஐஏஏஏ பொதுவுல வெளியிட்டிருக்கு. அத தமிழ்ல போட்டு ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸுங்க கைல குடுக்கணும்ங்கறது என் ஆசை. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல 2021-ல இருந்து வீடு தேடிப் போய் சுகர், பிபி மாத்திரை குடுக்குறாங்க, அட்டைய பாத்து "ஒழுங்கா போடுறீங்களாண்ணே"ன்னு கேக்குறாங்க. குடி நோய்க்கும் டாக்டர் பாத்து எழுதிக் குடுத்த மாத்திரைய அதே மாதிரி கேக்க அவங்களுக்கு ஒரு பயிற்சியும் இருபது நிமிஷமும் வேணும், அவ்வளவுதான்.